படிப்பின் மேல் ஏறும் வட்டி

2001-ஆம் வருஷத்தில் இந்திய பாங்கிகள் சங்கத்தார் கல்விக் கடனுக்கென்று ஒரு மாதிரித் திட்டத்தை வகுத்து வெளியிட்டபோது அதை வரவேற்காதார் எவருமில்லை. 4 லட்சம் ரூபாய் வரையில் சொத்து ஈடு வேண்டாம். அந்நிய ஜாமீன் வேண்டாம். மாணவனும் அவனைப் பெற்றவரும் கையெழுத்திட்டால் போதும் என்றார்கள். அந்த ஏற்பாட்டினால் தமிழ் நாட்டில் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரி தோன்றினான் என்பதை நாம் மறுக்கவில்லை. நெசவாளியின் மகள் இஞ்சினீயரானதும், கூலி விவசாயியின் மகன் கணக்கியல் கற்று நகரத்தில் உத்தியோகம் பெற்றதும் நம் கண்முன் நடந்த காரியங்கள். ஆகவே கல்விக் கடன் என்ற ஏற்பாட்டையே நிந்திப்பது நமது நோக்கமன்று. அந்தக் கடனில் வட்டி எந்த நாளில் பிறக்கிறது, எப்படி வளர்கிறது, யார் தலையில் விழுகிறது என்பவற்றையே இங்கு விசாரிக்க விரும்புகிறோம். 'தள்ளுபடி, தள்ளுபடி' என்று மேடைதோறும் முழங்குவோர் இந்தக் கணக்கை ஒரு தடவையேனும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

திட்டத்தின் விதி இது. படிக்கும் காலமும் அதற்குமேல் ஒரு வருஷமும் மாணவன் தவணை கட்டவேண்டியதில்லை. பாங்கிக்காரர் பாஷையில் இதற்கு விடுமுறைக் காலம் என்று பெயர். ஆனால் விடுமுறை கடனாளிக்குத்தான். வட்டிக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு கிடையாது. காலேஜுக்குப் பணம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே அது ஓட ஆரம்பித்து விடுகிறது. படிக்கும் காலத்தில் தனி வட்டியாகக் கணக்கிடப்படுகிறது என்பது உண்மையே. ஆனால் தவணை ஆரம்பிக்கும் நாளில் அவ்வளவு வட்டியையும் அசலோடு சேர்த்து, அந்தத் தொகையைப் புதிய அசலாக்கி விடுகிறார்கள். அன்று முதல் பட்டதாரி வட்டிக்கும் வட்டி கொடுக்கிறான்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். நான்கு வருஷ இஞ்சினீயரிங் படிப்பு. சம்பளம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வீதம் 4 லட்சம் கடன். வட்டி நூற்றுக்கு 11. முதல் வருஷம் வாங்கிய லட்சத்துக்கு 5 வருஷ வட்டி 55,000; இரண்டாவதற்கு 44,000; மூன்றாவதற்கு 33,000; நான்காவதற்கு 22,000. ஆக 1,54,000 ரூபாய். பையன் ஒரு காசு சம்பாதிக்குமுன் 4 லட்சம் 5,54,000 ஆகிவிட்டது. இதைத் திட்டம் அனுமதிக்கும் மிக நீண்ட கெடுவாகிய 15 வருஷத்தில் கட்டுவதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை சுமார் 6,300 ரூபாய் வருகிறது. முடிவில் அவன் கட்டியிருக்கும் மொத்தத் தொகை சுமார் 11,33,000. படிக்கும் காலத்து வட்டியை மட்டும் அசலோடு சேர்க்காமல் விட்டிருந்தால் தவணை சுமார் 4,550 ரூபாயாகவே இருந்திருக்கும். மாதம் 1,750 ரூபாய் வித்தியாசம். 15 வருஷத்தில் 3,15,000. அதாவது, 1,54,000 ரூபாய் வட்டி அசல் வேஷம் போட்டுக்கொண்டதனால் இரட்டிப்பாகி விட்டது.

சம்பளம் என்னவென்று கேட்கலாம். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் புதிதாகச் சேரும் இஞ்சினீயருக்குக் கொடுக்கும் சம்பளம் பத்து வருஷத்துக்கு மேலாக வருஷத்துக்கு 3, 3½ லட்சத்தைச் சுற்றியே வட்டமிடுகிறது. அந்த வேலை கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி. சென்னையிலோ பெங்களூரிலோ அறை வாடகையும் சாப்பாடும் போக, தகப்பனுக்கு மணியார்டர் செய்த வழக்கம் போய், பாங்கிக்குச் செய்யும் வழக்கம் வந்திருக்கிறது. வேலை கிடைக்காமல், படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத கடையிலோ சாமான் விநியோகத்திலோ காலங்கழிக்கும் பட்டதாரியின் நிலையை நாம் விவரிக்க வேண்டுமா?

இந்த இடத்தில் நமது மாகாணத்தின் சரித்திரத்தை நேயர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். 1937-ல் சென்னையில் பதவியேற்ற ராஜாஜி மந்திரிசபை, 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. 1932-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதிக்கு முன் விவசாயி வாங்கிய கடனில், 1937 அக்டோபர் 1-ந் தேதி வரை பாக்கி நின்ற வட்டி முழுவதும் தீர்ந்ததாகவே கருதப்படும் என்றது அச்சட்டம். அம்மட்டோ? அசலும் வட்டியுமாகச் சேர்ந்து வாங்கிய அசலைப்போல் இரு மடங்கு கட்டியிருந்தால் அந்தக் கடன் முழுவதுமே தீர்ந்ததென்றும் விதித்தது. சொத்துரிமையே போயிற்று என்று லேவாதேவிக்காரர்கள் அன்று போட்ட கூச்சல் கொஞ்சமல்ல. ஆனால் அதில் புதுமை எதுவுமில்லை. பாக்கி நிற்கும் வட்டி ஒரு சமயத்திலும் அசலுக்கு மேற்படலாகாது என்ற 'தாம்துப்பட்' விதி நமது பழைய தர்ம சாஸ்திரங்களில் உள்ளது. பம்பாய் ராஜதானியிலும் கல்கத்தா நகரத்திலும் பிரிட்டிஷ் கோர்ட்டுகளே அதை ஒப்புக்கொண்டு தீர்ப்பளித்து வந்தன.

அந்த 1938-ஆம் வருஷத்து அளவுகோலை நமது உதாரணத்து இஞ்சினீயருக்கு வைத்துப் பாருங்கள். 10 வருஷம் 8 மாதம் தவணை தவறாமல் கட்டினால் அவன் 8 லட்சத்தைத் தாண்டி விடுகிறான். வாங்கிய அசலைப்போல் இரு மடங்கு. விவசாயியாக இருந்து அந்தச் சட்டத்தின் கீழ் வந்திருந்தால் அன்றே அவன் விடுதலை பெற்றிருப்பான். பாங்கிப் புஸ்தகத்திலோ அவன் பெயரில் அப்பொழுதும் சுமார் 2,60,000 ரூபாய் பாக்கி நிற்கும்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்றால் அந்த வாசலும் அடைபட்டிருக்கிறது. 1918-ஆம் வருஷத்துக் கடுவட்டிக் கடன் சட்டம், அநியாய வட்டி என்று கண்டால் கணக்கைத் திருப்பி விசாரிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுத்தது. அந்நிய ஆட்சியார் செய்த சட்டம் அது. சுதந்திர இந்தியாவிலோ 1984-ல் பாங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக பாங்கியின் கணக்கை எந்தக் கோர்ட்டும் திருப்பித் திறக்கலாகாது என்பது அதன் சாரம். ஊர் வட்டிக்கடைக்காரனைக் கூண்டில் ஏற்றிக் கேட்கக்கூடிய கேள்வியைப் பாங்கியிடம் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

திட்டத்தில் ஒரு சலுகையும் உண்டு. படிக்கும் காலத்திலேயே வட்டியை அவ்வப்போது கட்டி வந்தால் வட்டி வீதத்தில் நூற்றுக்கு 1 குறைப்பார்கள். யாரால் கட்ட முடியும்? கையில் காசுள்ள தகப்பனால் முடியும். வட்டி குறைய வேண்டியது யாருக்கோ அவருக்குக் குறையாமல், வேண்டாதவருக்குக் குறைகிறது. இன்னொரு வேடிக்கை: 2023-24-ல் நாட்டின் பெரிய பொதுத்துறை பாங்கியிலேயே மோட்டார் வாங்கக் கடன் கேட்டவருக்கு நூற்றுக்கு 9-ஐ ஒட்டிய வட்டி, ஈடில்லாமல் படிப்புக்குக் கடன் கேட்டவருக்கு 11-க்கும் மேல். காரணம் மர்மமல்ல. மோட்டாரை ஜப்தி செய்யலாம். படித்த மூளையை ஜப்தி செய்ய வழியில்லை. பாங்கிக்காரர் நோக்கில் இது நியாயமாகவே தோன்றும். ஆனால் பாங்கிகளை 1969-ல் தேசியமயமாக்கியபோது ஜனங்களுக்குச் சொன்ன காரணம் வேறு. ஈடு வைக்க எதுவுமில்லாதவனுக்கும் பாங்கிக் கதவு திறக்கவேண்டும் என்றார்கள். கதவு திறந்தது, உள்ளே போனவனிடம் அதிக விலை வாங்குகிறார்கள்.

தவணை தவறினால் நடப்பதைக் கிராமத்தில் இருப்பவர்களே நன்கறிவார்கள். நோட்டீஸ் பையன் வசிக்கும் நகரத்து அறைக்கு வருவதில்லை; அவன் மாதத்துக்கு ஒரு விலாசம் மாறுகிறவன். அது தகப்பன் வீட்டுக்கு வருகிறது. கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் அவருமல்லவா? இங்கிலீஷில் அச்சிட்ட அந்தக் காகிதத்தை ஊரில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் செய்தி பரவிவிடும். பெண் பிள்ளையின் கடனாக இருந்தால் கஷ்டம் இன்னும் அதிகம். கல்யாணம் பேச வருகிறவர்கள் படிப்பை விசாரித்த கையோடு கடன் பாக்கியையும் விசாரிக்கிறார்கள். மகள் சம்பாதிக்கும் பணம் எந்த வீட்டுக்குச் சேரவேண்டும், அவள் படிப்புக் கடனை எந்த வீடு தீர்க்கவேண்டும் என்ற தகராறில் முறிந்த சம்பந்தங்கள் உண்டு. பெண் கல்வியைப் பற்றிப் பிரசங்கம் செய்வோர் இதையும் சற்றுக் கவனிக்கவேண்டும்.

போதாதற்கு, 2002-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட சொத்துச் சீரமைப்புக் கம்பெனிகள் என்று ஒரு ஜாதி உண்டு. பாங்கிகள் வசூலாகாத கடன்களைக் குறைந்த விலைக்கு அவற்றிடம் விற்கலாம். நமது நாட்டில் கல்விக் கடன்களையும் அவ்வாறு விற்றிருக்கிறார்கள். பாக்கியில் ஒரு பகுதிக்குத் தனியார் கம்பெனிக்கு விற்கத் தயாராக இருந்த பாங்கி, அதே தள்ளுபடியைக் கடன்பட்டவனுக்கே கொடுத்துக் கணக்கை முடித்திருக்கக் கூடாதா? இதற்கு இதுவரை நாம் திருப்தியான விடை கண்டதில்லை.

அதன்மேல் கடன் சரித்திரப் புள்ளிகள். தவணை தவறியவன் பெயர் கடன் தகவல் கம்பெனிகளின் ஏட்டில் ஏறிவிடும். பிறகு அவனுக்கு வீட்டுக் கடன் கிடைப்பது அரிது. பாங்கியில் உத்தியோகத்துக்கு விண்ணப்பித்தாலும் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கிறார்கள். வேலையில்லாததால் கடன் கட்டவில்லை; கடன் கட்டாததால் வேலையில்லை. இந்தச் செக்கை எத்தனை நாள் சுற்றுவது?

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டுவிடுவோம். பாங்கியில் உள்ள பணம் டிபாசிட் போட்டவர்களுடையது. ஓய்வு பெற்ற வாத்தியாரின் சேமிப்பும் அதில் இருக்கிறது. வட்டியில்லாமல் எப்படிக் கொடுப்பது என்கிறார்கள். சரியான கேள்வி. டிபாசிட்டுக்காரருக்குச் சேரவேண்டிய வட்டி சேரவேண்டியதுதான். ஆனால் அதைப் படிக்கும் பையன் கொடுக்கவேண்டும் என்பது மட்டும் எங்கிருந்து வந்தது? அவன் படிப்பினால் லாபமடையப் போகிற தேசம் கொடுக்கட்டும். நல்ல வேலையில் அமர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, 'எலெக்ஷன் வரட்டும், தள்ளுபடி வரும்' என்று தவணையை வேண்டுமென்றே நிறுத்தி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நாம் வாதாட வரவில்லை. அவர்களிடம் கண்டிப்பாகவே வசூல் செய்யட்டும். கண்டிப்பு என்றால் எல்லோரிடமும் வேண்டும். 2024 மார்ச்சோடு முடிந்த பத்து வருஷத்தில் பாங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக் கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாகப் பார்லிமெண்டில் சர்க்காரே விடையளித்திருக்கிறது. கணக்கிலிருந்து நீக்குவது வேறு, தள்ளுபடி வேறு, வசூல் முயற்சி தொடரும் என்று அவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். அந்த விளக்கத்தை அப்படியே ஒப்புக்கொண்டாலும், பெரிய முதலாளியின் கடன் ஏட்டிலிருந்து மறையும் சந்தடியின்மையும், ஏழைப் பட்டதாரியின் கடன் தெருவுக்கு வரும் ஆரவாரமும் ஒன்றல்ல.

படிக்கும் காலத்து வட்டியை சர்க்கார் ஏற்பதென்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த யோசனையன்று. 2009-10 முதல் மத்திய சர்க்காரின் வட்டி மானியத் திட்டம் ஒன்று இருக்கிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4½ லட்சத்துக்கு மேற்படாதவர்கள் தொழிற்கல்வி பயின்றால், விடுமுறைக் காலத்து வட்டி முழுவதையும் சர்க்கார் கொடுக்கிறது. கொள்கை ஒப்புக்கொள்ளப்பட்டு விட்டது. ஆனால் வேலியில் எத்தனை முள்! 2009-ல் வைத்த 4½ லட்ச வரம்பு 2024-ல் திட்டத்தைப் புதுப்பித்தபோதும் ஒரு ரூபாய் உயரவில்லை. 2018 முதல் தரச் சான்று பெற்ற கல்வி ஸ்தாபனங்களில் படிப்போருக்கே மானியம் என்று சுருக்கிவிட்டார்கள். காலேஜ் நிர்வாகி தரச் சான்று வாங்காதது மாணவன் செய்த குற்றமா? நடுவில் படிப்பை விட்டவனுக்கும் மானியம் இல்லை. ஏழையே பெரும்பாலும் நடுவில் விடுகிறவன் என்பது அதிகாரிகளுக்குத் தெரியாத விஷயமல்ல. 2024 நவம்பரில் வித்யாலக்ஷ்மி என்ற பெயரால் வந்த திட்டம், வருமான வரம்பை 8 லட்சமாக்கி, 10 லட்சம் வரையுள்ள கடனுக்கு வட்டியில் நூற்றுக்கு 3 குறைக்கிறது. ஆனால் அது தேர்ந்தெடுத்த உயர் ஸ்தாபனங்களுக்கே உரியது; தொடங்கியபோது அவை 860. வருஷத்துக்கு 1 லட்சம் மாணவருக்கே அந்த வட்டிக் குறைப்பு. தாலுக்கா நகரத்துக் காலேஜில் படிப்பவன் அந்த ஜாபிதாவில் தன் காலேஜைத் தேடிப் பயனில்லை.

பழைய பாக்கிக்கும் முன்மாதிரி உண்டு. 2014 பிப்ரவரியில் நிதி மந்திரி ப. சிதம்பரம் தமது இடைக்கால பட்ஜெட்டில், 2009 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கல்விக் கடன்களில் 2013 டிசம்பர் 31-ல் பாக்கி நின்ற வட்டியை சர்க்கார் ஏற்கும் என்று அறிவித்தார். சுமார் 9 லட்சம் மாணவருக்கு, சுமார் 2,600 கோடி ரூபாய். அதற்காகத் தேசம் திவாலாகி விடவில்லை. 2020-ல் கொரோனா நோயை முன்னிட்டு ஆறு மாதம் தவணைகளை ஒத்தி வைத்தபோது வட்டிக்கு வட்டி கேட்கலாமா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2 கோடி ரூபாய் வரையுள்ள கடன்களுக்கு, கல்விக் கடன் உள்பட, வட்டியின்மேல் விழுந்த வட்டியை சர்க்காரே கொடுத்தது. யாருக்கும் அவ்வாறு கேட்கலாகாது என்று 2021 மார்ச்சில் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆறு மாத ஒத்திவைப்பில் தகாதது, ஐந்து வருஷ ஒத்திவைப்பில் மட்டும் தகுமோ?

வெளிநாடுகளில் நியூஜிலந்து 2006 முதல், தன் நாட்டிலேயே வசிக்கும் பட்டதாரியிடம் கல்விக் கடனுக்கு வட்டியே வாங்குவதில்லை. ஜெர்மனியில் ஏழை மாணவனுக்குக் கொடுக்கும் உதவியில் பாதி இனாம், பாதி வட்டியில்லாக் கடன். திருப்பிக் கட்டவேண்டிய தொகைக்கும் 10,010 யூரோ என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் கலந்திருக்கின்றன. குறிப்பிட்ட சம்பளத்துக்குமேல் வாங்குவதில் நூற்றுக்கு 9 மட்டுமே பிடித்துக்கொள்வது நல்லது. 2012 முதல் சேர்ந்தவர்களுக்கு விலைவாசி ஏற்றத்துக்குமேல் நூற்றுக்கு 3 வரை வட்டி சேர்த்தது கெட்டது; அதனால் மாதந்தோறும் கட்டியும் பாக்கி ஏறிக்கொண்டே போகக் கண்டவர் அங்கு ஏராளம். 2023 முதல் சேருவோருக்கு அந்த உபரி வட்டியை அவர்களே நீக்கிவிட்டார்கள்.

ஆகையால் தள்ளுபடி கோஷத்தைவிட வட்டியைப் பற்றிய கோரிக்கையே முக்கியம் என்பது நமது அபிப்பிராயம். 2021-ஆம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில் வெற்றி பெற்ற கட்சியின் அறிக்கையிலேயே முப்பது வயதுக்குட்பட்ட, திருப்பிக் கட்ட இயலாத பட்டதாரிகளின் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்வதாக வாக்களித்திருந்தார்கள். கடன் கொடுத்தவை மத்திய சர்க்காரின் ஆதிக்கத்திலுள்ள பாங்கிகள். மாகாண சர்க்கார் தன் கஜானாவிலிருந்து கட்டலாமே தவிர, பிறர் ஏட்டை அடிக்க முடியாது. இப்படிப்பட்ட வாக்குறுதியை நம்பித் தவணையை நிறுத்தியவன்மேல் வட்டி ஏறியதுதான் மிச்சம். ஒரே தடவை தள்ளுபடி செய்தாலும் அடுத்த ஜூனில் காலேஜில் சேருகிறவனுக்கு அதே விதி, அதே வட்டி. நாம் கேட்பது இரண்டு: முதற் சம்பளம் கைக்கு வரும்வரை வட்டி ஓடலாகாது, அப்புறமும் வட்டியை அசலாக்கலாகாது. பணம் போதாதென்றால் மானிய வரம்பை 8 லட்சமாக உயர்த்தி எல்லாக் காலேஜுகளுக்கும் விரிப்பதிலிருந்தாவது தொடங்கட்டும். பார்லிமெண்டில் இருக்கும் நமது பிரதிநிதிகள், எக்கட்சியினராயினும், பட்ஜெட் விவாதத்தில் இதைக் கேட்கலாம்.

அதுவரை ஊழியர்களுக்கும் ஊரில் வேலையுண்டு. இப்பொழுதுள்ள வட்டி மானியத்துக்கு உரியவர்களே பலர் அப்படியொன்று இருப்பதை அறியார்கள். காலேஜ் சேரும் பருவத்தில் தாலுக்கா ஆபீசில் வருமானச் சான்று வாங்கிக் கொடுப்பதும், பாங்கியில் மானியத்துக்கு மனு எழுதி வைப்பதும், தமிழில் விதிகளைப் படித்துச் சொல்வதும் வாசகசாலைக்கு ஒருவர் முன்வந்தால் முடியும் காரியங்கள். ஏற்கனவே நோட்டீஸ் வந்த வீடுகளுக்கும் போகவேண்டும். பாங்கிக்குப் பணம் கட்டப் போகுமுன், வாங்கிய அசல் எவ்வளவு, படிக்கும் காலத்து வட்டி எவ்வளவு, அதன் பிறகு ஏறியது எவ்வளவு என்று தனித்தனியே எழுதிய கணக்கொன்றை மானேஜர் கையெழுத்துடன் கேட்டு வாங்கச் சொல்லவேண்டும்.